காபிக்காக எலும்பை விட்டவர்கள்

பதிவு நீளம். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் நடந்த எலும்பு முகாம் வீடியோவை உங்களில் பாதிப்பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு: வாரம் ஒரு நாள் போடுகிற எலும்பு மாத்திரையை ஏன் இத்தனை பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். மேடையில் இருந்த டாக்டர், "நம்ம லேடீஸுக்கு எலும்பு போனாலும் பரவாயில்லை, காலைக் காபி அரை மணி நேரம் தள்ளிப்போகக் கூடாது" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் லேசாகச் சிரித்து வைத்தேன். ரெண்டு நாளாக உறுத்துவது அதுதான்.

டாக்டரிடம் எனக்கு ஒரே கேள்வி. மாத்திரை போட்டதும் காபிகூடக் குடிக்காமல், படுக்காமல் இருக்க வேண்டிய அந்த அரை மணி நேரத்தைப் பற்றி உங்களிடம் வந்த எத்தனை பேருக்கு வாய்விட்டுச் சொன்னீர்கள்?

என் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

2016. அம்மாவுக்கு 71 வயது. குளியலறை வாசலில் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். அதில் வருகிற எண்ணான டி ஸ்கோர் மைனஸ் 3.1. மைனஸ் 2.5க்கு வந்தாலே எலும்புப்புரை என்று கணக்கு. (இதைத்தான் நம் ஆட்கள் எலும்புத் தேய்மானம் என்று சொல்லிக்கொண்டு முழங்காலுக்குத் தைலம் தேடுகிறார்கள். தேய்மானம் மூட்டில் வருவது. இது எலும்பே உள்ளுக்குள் சல்லடையாவது. உடைகிறவரை பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது.) சீட்டில் அந்த வார மாத்திரை அலென்ட்ரோனேட் 70 மி.கி., கால்சியம், வைட்டமின் டி. மருந்துக்கடைப் பையன் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி, காகித உறையில் பேனாவால் "வாரம் 1" என்று எழுதிக் கொடுத்தான். எங்களுக்குக் கிடைத்த மொத்த ஆலோசனையும் அந்த ஒன்றரை வார்த்தைதான்.

அம்மா வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டார். காலை ஐந்தரைக்குக் காபியோடு அதை விழுங்குவார். கூடவே கால்சியம். இரண்டும் எலும்புக்குத்தானே, சேர்ந்தே போகட்டும் என்பது அவர் கணக்கு. அப்புறம், "இவ்வளவு சீக்கிரம் எழுந்து என்ன பண்ணப் போறே, கொஞ்ச நேரம் படும்மா" என்று ஒவ்வொரு வெள்ளியும் சொன்னது நான்.

நாங்கள் செய்தது அத்தனையும் தப்பு. இந்த மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் சரியாகப் போட்டாலே 70 மி.கி.யில் ஒரு மி.கி.கூட உடம்பில் சேராது. காபியோடு போட்டால் அந்தத் துளியிலும் பாதிக்கு மேல் போச்சு. கால்சியம் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடாது. விழுங்கிவிட்டுப் படுத்தால், மாத்திரை உணவுக்குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கலாம். அம்மாவுக்கு ஐந்தாவது வாரம் ஆக்கியது. நெஞ்சு நடுவில் எரிச்சல், ரசம் சாதம்கூட இறங்கவில்லை. ஹார்ட் என்று பயந்து ராத்திரி ஆட்டோ பிடித்து ஓடினோம். ஈசிஜி நார்மல். எண்டோஸ்கோப்பியில்தான் புண் தெரிந்தது. "அந்த மாத்திரையை நிறுத்திடுங்க" என்றார்கள். நிறுத்தினோம். பதிலுக்கு என்ன என்று அவர்கள் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. வயிற்றுப் பக்கமே போகாமல் வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுகிற மருந்து 2007லிருந்தே இருக்கிறது. அது எனக்குத் தெரிந்தது 2018இல், அம்மாவின் இடுப்பு உடைந்த பிறகு.

அதற்கப்புறம் நடந்த எட்டு மாதத்தைப் பற்றி இங்கே ஒருமுறை எழுதியிருக்கிறேன். இன்னொரு முறை எழுத மாட்டேன்.

ஆக, டாக்டரின் கணக்கில் என் அம்மாவும் "பாதியில் விட்டவர்". காபிக்காக எலும்பை விட்டவர். சிரியுங்கள்.

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1995இல். அடுத்த வருடமே உணவுக்குழாய் புண்ணானவர்களைப் பற்றி மருத்துவ இதழில் கட்டுரை வந்துவிட்டது. அவர்களில் பலர் தண்ணீர் போதாமல் விழுங்கியவர்கள், இல்லையென்றால் விழுங்கியதும் படுத்தவர்கள். அதற்கு 20 வருடம் கழித்து அம்மா அதையேதான் செய்தார். யாரும் சொல்லாததால் செய்தார்.

"அட்டைப்பெட்டிக்குள் காகிதம் இருக்குமே, படிக்க வேண்டியதுதானே?" வெட்டிக் கொடுத்த நாலு மாத்திரைக்குப் பெட்டி எங்கே, காகிதம் எங்கே? இருந்தாலும் எறும்பு எழுத்தில் ஆங்கிலம். எட்டாவது வரை படித்தவர் என் அம்மா.

"ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற டாக்டர் எப்படி உட்கார்ந்து விளக்குவார்?" சரி, ஒத்துக்கொள்கிறேன். நேரமில்லாதவர் மேடையில் ஏறி ஜோக் அடிக்க மட்டும் எங்கிருந்து நேரம் எடுத்தார்?

"நீங்கள் இப்படி எழுதினால் போடுகிறவர்களும் பயந்து நிறுத்திவிடுவார்கள்." இந்தக் குற்றச்சாட்டுதான் வலிக்கிறது. நான் மாத்திரைக்கு எதிரி இல்லை. ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்திருந்த பெண்களிடம் நடத்திய சோதனையில் இடுப்பு முறிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 1996இலேயே வெளியானது. அந்தப் பாதியில் என் அம்மா இருந்திருக்கலாம் என்பதால்தான் கத்துகிறேன்.

தாடை அழுகும் என்று ஃபார்வர்டு அனுப்புகிறவர்களே, அது பெரும்பாலும் புற்றுநோய்க்காக அதிக அளவில் நரம்பில் ஏற்றிக்கொண்டவர்களிடம் பார்த்தது. வார மாத்திரையில் மிக அபூர்வம். ஆரம்பிக்கும் முன் பல் டாக்டரைப் பாருங்கள், போதும். பிரண்டைத் துவையல் கட்சிக்கும் வணக்கம். எனக்கும் பிடிக்கும், சோற்றுக்கு.

எனக்கு இப்போது 58. போன வருடத்திலிருந்து நானும் போடுகிறேன், ஞாயிறு ஆறு மணிக்கு. பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர், அரை மணி நேரம் நிமிர்ந்தபடி. எனக்குத் தைராய்டு மாத்திரையும் உண்டு, அதற்கும் வெறும் வயிறு வேண்டும். எது முதலில் என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில் வந்தது. இவ்வளவு படித்த எனக்கே இந்தக் கதி.

அந்த அரை மணி நேரத்தில் காபியை அடக்குவது எனக்குக் கஷ்டமே இல்லை. விரதம் இருந்து பழகிய வயிறு. கஷ்டம், வீடு எழுந்துவிடுவது. ஆறேகாலுக்கு "காபி ஆச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கல்யாணமாகி 33 வருடத்தில் காலையில் முதல் அரை மணி நேரம் எனக்கென்று இருந்ததே கிடையாது. அம்மாவுக்கும் இருந்ததில்லை. அவர் ஐந்தரைக்குக் காபி குடித்ததே ஆறு மணிக்கு மற்றவர்களுக்குக் கலக்க வேண்டும் என்பதால்தான். போன ஞாயிறு இவரே எழுந்து போட்டார். சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தார். ஆறு முப்பத்தைந்துக்குக் குடித்தேன்.

முகாமுக்கு ஏற்பாடு செய்தவர்கள் இதைப் படித்தால் ஒரு உதவி. அந்த டாக்டர் வீட்டில் காலைக் காபி யார் போடுகிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.