சென்சாரைப் பிடுங்கிப் பாருங்கள்

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு வீட்டிலேயே கன்ட்ரோலர் (ஹீட்டரையும் பம்பையும் தானாக இயக்கும் பெட்டி) செய்கிறவர்கள் டர்பனில் நம் ஆட்களிலும் சிலர் இருக்கிறார்கள். ஆர்டுயினோவோ இஎஸ்பி32வோ ஒரு குட்டிக் கணினிப் பலகை வாங்கி, நாலு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போர்டு சேர்த்து, போனில் வெப்பநிலைக் கோடு ஓடுவதைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை: கன்ட்ரோலர் செத்துப்போனால் ஹீட்டர் எந்த நிலையில் நிற்கும்?

2023 ஜூலையில் நானும் அதற்குப் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, மிக மோசமாக இருந்த வருஷம் அது. மின்சாரம் போனால் நீரோட்டம் நிற்கும், ஆக்சிஜன் குறையும், டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த் குளிரில் தண்ணீரும் ஆறும். அதனால்தான் கன்ட்ரோலரே செய்தேன். என் 250 லிட்டர் தொட்டியை 25.5க்கும் 26 டிகிரிக்கும் நடுவில் அது பல மாதங்கள் அழகாக வைத்திருந்தது. அதை நம்பி, ஹீட்டரிலேயே உள்ள வெப்பநிலைத் திருகைக் கடைசிவரை ஏற்றி வைத்துவிட்டேன்.

ஒரு நாள் காலையில் கண்ணாடியைத் தொட்டதுமே தெரிந்தது. தண்ணீர் 31 டிகிரிக்கு மேல். வெப்பநிலை சென்சாரின் எஃகுக் குழலுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கி, உள்ளே கம்பி அரித்துப் போயிருந்தது. டிஎஸ்18பி20 என்ற இந்தச் சென்சாரோடு இணைப்பு அறுந்தால், அதைப் படிக்க நாம் எல்லோரும் பயன்படுத்தும் அந்த லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) மைனஸ் 127 என்று ஓர் எண்ணைத் தரும். 'சென்சார் இல்லை' என்பதற்கான அடையாளம் அது. நான் எழுதிய நிரலோ அதை வெப்பநிலை என்றே எடுத்துக்கொண்டது. தண்ணீர் உறைந்து கிடக்கிறது என்று நினைத்து, இரவெல்லாம் ஹீட்டரை எரியவிட்டது. தப்பு போர்டில் இல்லை, சென்சாரில்கூட இல்லை. நான் எழுதாமல் விட்ட ஒரு வரியில் இருந்தது.

நண்பர் ஒருவர் விரல் நீளத் துண்டாகக் கொடுத்த அக்ரோபோரா பவளம், இரண்டு வருஷத்தில் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் தோல் உரிந்து வெறும் எலும்பாக நின்றது. தூத்துக்குடியில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் வீட்டுத் தொட்டியில் என் கையாலேயே ஒன்று போனதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அங்கிள் டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் லாரிகளுக்கு முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். நடந்ததைச் சொன்னேன். "தம்பி, லாரியிலே காத்து போயிட்டா பிரேக் புடிச்சிக்கும். ஓடாது. காத்து இருந்தாத்தான் பிரேக்கை விடும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உள்ளே இருக்கும் சுருள்வில் எப்போதும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும். காற்றழுத்தம்தான் அதை இழுத்துப் பிடித்து வண்டியை ஓடவிடுகிறது. அந்த வழியில் உள்ள வான் ரீனன் கணவாய் இறக்கத்தில் குழாய் வெடித்தாலும் வண்டி நிற்க வேண்டும் என்று முதலிலேயே யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் என் பெட்டியை முழுசாகப் பிரித்தேன். ரிலேயில் இரண்டு பக்கம் உண்டு: ஓய்வில் திறந்திருப்பது, ஓய்வில் மூடியிருப்பது. ஹீட்டரும், ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக நன்னீர் நிரப்பும் பம்பும் முதல் பக்கத்தில். கன்ட்ரோலர் செத்தால் அவை அணைந்துவிடும். ரிட்டர்ன் பம்ப் இரண்டாவது பக்கத்தில். கன்ட்ரோலர் செத்தாலும் தண்ணீர் சுற்றும். 20க்குக் கீழோ 32க்கு மேலோ சென்சார் எது சொன்னாலும் அது வெப்பநிலையே இல்லை, ஹீட்டரை அணை, மணியை அடி. (மின்சாரம் வந்ததும் முதல் அளவீட்டுக்கு முன்னால் அதே சென்சார் 85 என்றும் சொல்லும். அதற்கும் இதே வரிதான்.) இரண்டாவது சென்சார் ஒன்று வைத்து, இரண்டுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தாலும் மணி. நிரல் உறைந்துபோனால் எட்டு வினாடியில் சிப்பைத் தானே மறுபடி தொடங்க வைக்கும் வாட்ச்டாக். ரிலேயின் முனையே ஒட்டிக்கொண்டால் இதில் எதுவும் உதவாது. அதற்காக ஹீட்டரின் சொந்தத் திருகு இப்போது 27இல் நிற்கிறது.

நன்னீர் விஷயத்தில் நிரலை நான் நம்பவே இல்லை. நீர்மட்டம் பார்க்கும் மிதவையில் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தாலே போதும், பம்ப் நிற்காது. அதனால் நன்னீர் வாளியையே 10 லிட்டருக்குச் சுருக்கிவிட்டேன். முழுசும் கொட்டினாலும் உப்பு 35லிருந்து 33.7 அளவுக்குத்தான் இறங்கும். பவளம் தாங்கிக்கொள்ளும்.

சுவரில் 30 மில்லியாம்ப் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டுவது) இருக்கிறதா, அதன் பொத்தானை அழுத்தினால் உண்மையில் விழுகிறதா என்றும் பாருங்கள். தொட்டிக்குள் கை விடுவது நாம்தானே.

கடையில் வாங்குவதைவிட நாமே செய்வது நல்லது என்றுதான் இன்றும் சொல்வேன். எந்தக் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் நமக்குத் தெரியும். ஆனால் போன் ஆப்பைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் ஒரு தாளில் ஹீட்டர், பம்ப், ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கை அகற்றும் கருவி) என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கன்ட்ரோலர் செத்தால்?' என்று எழுதி நிரப்புங்கள். அது நிரம்பாமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டாம்.

மாதத்தின் முதல் ஞாயிறு நான் சென்சாரைப் பிடுங்குவேன். அங்கிளும் வந்து நிற்பார். ஹீட்டர் விளக்கு அணைந்து மணி அடித்ததும் தலையாட்டிவிட்டுப் போவார்.

சர்க்கியூட் படமும் நிரலும் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், தருகிறேன். நீங்கள் ஏற்கெனவே ஒன்று செய்து வைத்திருந்தால், இன்றைக்கே சென்சாரைப் பிடுங்கி என்ன ஆகிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.