பயிற்சி முடித்துவிட்டோம் என்பது பதிலாகாது

வகுப்பில் தன் இனத்தை வைத்து இழிவுபடுத்தினார்கள் என்று ஒரு மாணவி கொடுத்த புகாருக்கு, அவள் படிக்கும் துறையிலிருந்து வந்த கடிதத்தை நீங்களும் படித்திருப்பீர்கள், பலர் பகிர்ந்துவிட்டார்கள். நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. ஆனால் அதன் முதல் வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை: "எங்கள் ஆசிரியர்கள் அனைவரும் இனவெறி எதிர்ப்புப் பயிற்சியை முடித்தவர்கள்." எல்லார் முன்னாலும் தன்னை இழிவாகப் பேசினார்கள் என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதற்கு இதுவா பதில்?

பயிற்சி முடித்தார்கள், சரி. அப்போது அந்த அறையில் யார் வாய் திறந்தார்கள்? அவள் கேட்டது அதைத்தானே?

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்க நிறுவனங்களின் பல ஆண்டுத் தரவுகளை அலசிப் பார்த்தார்கள். ஆட்களைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கும் பயிற்சியால் பெரிய மாற்றம் வரவில்லை, சில இடங்களில் நிலைமை மோசமாகக்கூட ஆனது. இன்னார்தான் இதற்குப் பொறுப்பு என்று ஆள் வைத்த இடங்களில்தான் ஏதாவது நகர்ந்தது.

இன்னொன்று. இனவெறியைப் பற்றிப் படிப்பது என்றால் தனியாக ஒரு வகுப்பு என்றே நினைக்கிறார்கள். பாடத்துக்குள்ளேயே கிடக்கிறதே! சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையைக் கூட்டிக் காட்டும் ஒரு பெருக்கல் எண் அமெரிக்காவில் பல ஆண்டுகள் இருந்தது. சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இருப்பதாகத் தெரியும். மாற்று அறுவைக்கான பட்டியலில் சேர்வது தள்ளிப்போகும். அதை நீக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் மருத்துவ மாணவர்களும் இருந்தார்கள். 2021இல்தான் சிறுநீரக மருத்துவ அமைப்புகள் அதைக் கைவிடப் பரிந்துரைத்தன. அந்தச் சூத்திரத்தைக் கற்பித்தவர்கள் எல்லாரும் கெட்டவர்களா? இல்லை. யாரோ ஒருவர் வகுப்பில் எழுந்து 'இது ஏன் இப்படி?' என்று கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். முடித்ததும் சக மாணவன் ஒருவன், "இந்த ஆங்கிலத்தை நீயேதான் எழுதினாயா?" என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். பேராசிரியர் குனிந்து ஏதோ குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். பிறகு வராந்தாவில் என் தோளைத் தொட்டு, "மனதில் வைத்துக்கொள்ளாதே, அவன் அப்படித்தான்" என்றார். நல்ல மனிதர். காலனிய வரலாறு பற்றி அவர் பாடம் எடுத்தால் உட்கார இடம் கிடைக்காது. அவ்வளவு தெரிந்தவரால் "அந்தக் கேள்வி தவறு" என்று ஒரே ஒரு வாக்கியத்தை உள்ளே சொல்ல முடியவில்லை. வராந்தாவில் கிடைத்த ஆறுதலை வைத்து நான் என்ன செய்வது? சிரித்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லையே.

'எங்கோ ஒன்று நடப்பதைப் பெரிதாக்குகிறீர்கள்' என்பார்கள். பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2019இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். சிறுபான்மை இன மாணவர்களில் 24 சதவீதம் பேர் படிப்பில் சேர்ந்த பிறகு இனரீதியான தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் புகாரே செய்யவில்லை. இந்த மாணவி செய்தாள், அவளுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தோம்.

'வாய் திறக்கவே பயமாக இருக்கிறது' என்கிறவர்களின் தயக்கம் ஓரளவு புரிகிறது. தவறாகப் பேசித் திருத்திக்கொள்ள வகுப்பில் இடம் வேண்டும். ஆனால் அந்த இடத்துக்கான விலையை ஏன் எப்போதும் அவளே கொடுக்க வேண்டும்?

அப்புறம், 'நம் ஆட்களிடம் சாதி இல்லையா?' என்று ஒருவர் கட்டாயம் வருவார். இருக்கிறது. கடல் தாண்டியும் கூடவே வந்திருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் தன் பாகுபாட்டு எதிர்ப்பு விதியில் சாதியைச் சேர்த்தது. 2022இல் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் 23 வளாகங்களுக்கும் அதைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்தவர்களில் இந்திய வம்சாவளிப் பேராசிரியர்களும் இருந்தார்கள். தன் தோலின் நிறத்துக்கு நியாயம் கேட்கத் தெரிந்தவருக்கு, பக்கத்தில் நிற்கும் தலித் மாணவர் கேட்கும் நியாயம் மட்டும் எப்படிச் சுமையாகிறது? எனக்கு அது ஆறவே இல்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு என் பதிவுக்கு வருகிறவர்களைப் பார்க்கிறேன். சாதியைப் பற்றி வேறெங்கும் ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த மாணவி வாயை மூடுவது மட்டும்தான்.

அவளுக்குத் தனிச்செய்தியில் 'தைரியமாக இரு', 'படிப்பைப் பார், இதைப் பெரிதாக்காதே' என்று எழுதிக்கொண்டிருக்கிறவர்கள், தயவுசெய்து நிறுத்துங்கள். எழுதத்தான் வேண்டுமென்றால் துறைத் தலைவருக்கு எழுதுங்கள், உங்கள் பெயரைப் போட்டு. அன்று வகுப்பில் இருந்தவர்கள், பார்த்ததைப் பார்த்தபடி விசாரணைக் குழுவிடம் சொல்லுங்கள்.