நெட்டி முறித்தால் மூட்டுவாதமா?

நெட்டி முறித்தால் பிற்காலத்தில் மூட்டுவாதம் வரும் என்று சொல்வார்கள், அதை நம்பவேண்டியதில்லை. 'டக்' என்பது எலும்பு உரசும் சத்தமல்ல. விரலை இழுக்கும்போது மூட்டின் உள்ளிடம் சற்று விரிந்து அழுத்தம் குறைகிறது. மூட்டுத் திரவத்தில் கரைந்திருந்த வாயு குமிழாகத் திரள்கிறது. குமிழ் உருவாவதுதான் சத்தமா, அது உடைவதா என்ற வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. 2015இல் எம்.ஆர்.ஐ. படங்களில் சத்தத்துக்குப் பிறகும் குமிழ் அப்படியே தெரிந்தது.

வாயு மீண்டும் கரைய ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முறித்த விரல், புறக்கோட்டையில் இறங்கும்போது மறுபடி தயார்! நாவூறு கழிக்கிற அம்மம்மாவுக்கு இரண்டாம் முறை நெட்டி விழாததும் இதனால்தான். நாவூறு போய்விட்டதென்று அவர் சொன்னால் மறுக்கவேண்டாம்.

டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 60 ஆண்டுகளுக்கு மேல் இடக்கை விரல்களை மட்டும் முறித்துவந்தார். இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை. 2009இல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒரே ஆள், அதனால் முழுச் சான்றாகாது. ஆனால் முறிக்கும்போது வலித்தாலோ, மூட்டு வீங்கினாலோ, விரல் மடக்கியபடி இறுகினாலோ அது வேறு விஷயம், மருத்துவரிடம் காட்டுங்கள்.