கஜா கடற்கரையோடு நிற்கவில்லை

"கஜா புயல் நாகப்பட்டினத்தோடு செத்துவிட்டது, நம்ம மதுரைப் பக்கமெல்லாம் வெறும் மழைதான், அந்தப் படங்கள் எல்லாமே பொய்" என்று, மதுரைப் பக்கப் புயல் சேதம் எனப் பகிரப்பட்ட படங்களைப் பற்றி ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதி சரி, பாதி தப்பு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. கடந்ததும் சாகவில்லை. வலு குறைந்தபடியே மேற்கே நகர்ந்து, திண்டுக்கல் வழியாகக் கேரளாவுக்குப் போய், அரபிக்கடலில் இறங்கியது. திண்டுக்கல் நமக்கு எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கொடைக்கானலில் மரங்கள் விழுந்து சாலை அடைபட்டது, மின்சாரம் போனது. அங்கே கடலா இருக்கிறது?

சரி, அவர் சொன்னதில் நியாயமும் உண்டு. சாய்ந்து கிடக்கும் தென்னந்தோப்புப் படத்துக்கு மதுரைக்குப் பக்கத்து ஊரான 'மேலூர்' என்று பெயர் போட்டது தவறாகத்தான் தெரிகிறது. தென்னை கொத்துக்கொத்தாக அழிந்தது தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். ஐப்பசி மழையில் ஊறிய மண்ணில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால், கொண்டை பாய்மரம் மாதிரி இழுத்து வேரோடு சாய்த்துவிடும். நாட்டுரகத்தில் கன்று வைத்துக் காய் பார்க்க ஆறேழு வருஷம் ஆகும்.

அப்புறம், விழுந்த தென்னைக்கு நிவாரணமாக 'மரத்துக்கு 600 ரூபாய்தான் கொடுத்தார்கள்' என்று சொல்லப்படுவதும் அரைகுறை. வெட்டி அப்புறப்படுத்த 500 சேர்த்து 1,100 என்றுதான் அரசு அறிவித்தது. அது போதுமா என்பது வேறு சண்டை. என்னைக் கேட்டால் போதாது.