தண்ணீர்க் கணக்கு முடிந்த பிறகே கட்டட அனுமதி

ஒரு நகரத்தில் பெரிய குடியிருப்புக்கோ தொழிற்பேட்டைக்கோ அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது சாலையின் அகலம், வாகன நிறுத்தம், தீயணைப்பு வண்டி திரும்புவதற்கான இடம் ஆகியவை அளந்து பார்க்கப்படுகின்றன. தண்ணீருக்கு மட்டும், குடிநீர் வழங்கும் துறைக்கு ஆட்சேபணை இல்லை என்ற ஒற்றை வரிக் கடிதமே பல இடங்களில் போதுமானதாகிவிடுகிறது. அந்த வரி எந்த ஆண்டின் நீர் இருப்பை வைத்து எழுதப்பட்டது, அதே இருப்பை நம்பி இதற்கு முன் எத்தனை கடிதங்கள் கொடுக்கப்பட்டன என்று கேட்பவர் இல்லை. கடும் வறட்சியிலும் தண்ணீர் தர முடியும் என்று எண்களால் நிரூபிக்கப்படாத எந்தப் பெரிய திட்டத்துக்கும் அனுமதி தரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதை வளர்ச்சிக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிழைப்பைத் தேடி நகரத்துக்கு வருகிறவர்களுக்கு வீடு வேண்டும். வேலை தரும் தொழில்களுக்கு இடம் வேண்டும். நகரத்துக்குள் அனுமதியை மறுத்துவிட்டால் அவர்கள் வராமல் இருந்துவிடப் போவதில்லை. குழாயே போகாத புறநகர் மனைப்பிரிவுகளில் வீடு கட்டிக்கொண்டு, ஆழ்துளைக் கிணற்றையும் தண்ணீர் லாரியையும் நம்பி வாழத் தொடங்குவார்கள். ஆகவே தண்ணீரை முன்கூட்டியே உறுதி செய்வதுதான் நகரத்தின் வேலை.

உறுதி என்பதை எந்த ஆண்டை வைத்து அளப்பது என்பதில்தான் முதல் தவறு நிகழ்கிறது. நீர்த்தேக்கங்களின் முழுக் கொள்ளளவையும் சராசரி மழையையும் வைத்துக் கணக்குப் போட்டால் எந்த நகரத்திலும் தண்ணீர் மிச்சம் இருப்பதுபோலத்தான் தெரியும். மழை தொடர்ந்து பொய்க்கும் ஆண்டுகளிலும் தவறாமல் எடுக்கக்கூடிய அளவு அதைவிட மிகக் குறைவு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் ஏறக்குறைய முழுவதுமாக அணைகளையே நம்பியிருந்தது. 2015 முதல் 2017 வரை மூன்று மழைக்காலங்கள் அடுத்தடுத்துப் பொய்த்த பின், 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு விதிக்க வேண்டிய நிலைக்கு அது வந்து நின்றது. மக்கள் பயன்பாட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைத்து நகரத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் நெருக்கடியில் மக்கள் இப்படி மிச்சப்படுத்தும் தண்ணீரை நிரந்தர இருப்பாகக் கருதிப் புதிய கட்டடங்களுக்கு ஒதுக்கிவிடக் கூடாது. அப்படி ஒதுக்கினால் அடுத்த வறட்சியில் குறைப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2001இல் இயற்றிய இரு சட்டங்கள் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டன. 500 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டமென்றால், சாதாரண ஆண்டு, ஒற்றை வறட்சி ஆண்டு, தொடர் வறட்சி ஆண்டுகள் ஆகிய மூன்று நிலைகளிலும் அடுத்த 20 ஆண்டுகளுக்குத் தண்ணீர் போதுமா என்று மதிப்பிட வேண்டும். இப்போதைய பயனாளிகளோடு, இனி வரவிருக்கும் பிற தேவைகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதே நாட்டின் அரிசோனா மாநிலத்தின் விதி இன்னும் கடுமையானது. 1980ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டத்தைத் தொடர்ந்து, அங்கே குறிப்பிட்ட பகுதிகளில் மனைப்பிரிவு போடுகிறவர்கள் 100 ஆண்டுகளுக்குத் தண்ணீர் உண்டு என்று காட்டியாக வேண்டும். நிலத்தடி நீர் அவ்வளவு காலம் தாங்காது என்று கணிப்பு வந்ததும், பீனிக்ஸ் வட்டாரத்தில் அதை மட்டுமே நம்பும் புதிய மனைப்பிரிவுகளுக்குச் சான்று தருவதை 2023 ஜூனில் அரசு நிறுத்திவைத்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஆறு மனைகளுக்குக் குறைவாகப் பிரித்தால் நிரூபிக்கத் தேவையில்லை. அப்படித் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்ட நிலங்களில் வளர்ந்த ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் பகுதியில், ஸ்காட்ஸ்டேல் நகரத்திலிருந்து லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு 2023 ஜனவரி முதல் தேதியில் அது நின்றுபோனது. தன் எல்லைக்குள் இருப்பவர்களுக்கே வறட்சியில் தண்ணீரைக் காக்க வேண்டும் என்று அந்த நகரம் முடிவு செய்ததில் வியப்பில்லை. வீடு வாங்கியவர்கள்தான் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள். மனை பிரித்து விற்றவர்களுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாகப் பார்த்து, ஒரே உபரி நீரைத் திரும்பத் திரும்பக் காட்டிச் சான்று தருவது, ஒரே நிலத்தைப் பலருக்குக் கிரயம் செய்து கொடுப்பதற்கு ஒப்பானது. அனுமதி பெற்ற கட்டடத்தில் ஆட்கள் குடியேறச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் இந்தத் தவறு உடனே வெளியே தெரிவதில்லை. தெரிய வரும்போது அதைச் சுமப்பவர்கள் கடைமடைத் தெருக்களில் இருப்பவர்கள். மேட்டுப் பகுதியில், குழாயின் கடைசி முனையில் இருக்கும் வீட்டில், முன்பு மாடித் தொட்டிவரை தானாக ஏறிய தண்ணீர், பிறகு தரைமட்டக் குழாயில் மட்டும் வரும். அதன்பின் நள்ளிரவுக்கு மேல் நூலாக ஒழுகும்.

புதிய தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் முதலில் சொந்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும். ஒரு பகுதிக்குள் தண்ணீர் நுழையும் வழிகளில் மீட்டர் பொருத்தி, பின்னிரவு இரண்டு மணி, மூன்று மணி அளவில் அதைப் பார்த்தால் போதும். ஊரே உறங்கும் நேரத்திலும் முள் வேகமாகச் சுற்றினால், அந்த நீரில் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் போகிறது. வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி எந்தத் தெருவில் ஓட்டம் குறைகிறது என்று பார்த்து, கேட்புக் கோலைக் குழாயில் வைத்து ஒலியைக் கேட்டே கசிவைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். டோக்கியோ பல பத்தாண்டுகள் இதை விடாமல் செய்து, கசிவை 3 முதல் 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. ரிப்பன் வெட்ட வாய்ப்பில்லாத வேலை என்பதாலேயே இதற்குப் பணம் ஒதுக்கப்படாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அடுத்தது கழிவுநீர். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதலே சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு சேர்க்கிறது. சிங்கப்பூர் 2003 முதல் அதை ‘நியூவாட்டர்’ என்ற பெயரில் ஆலைகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் அனுப்புகிறது. நகரம் வளர வளரக் கூடவே வளரும் நீர் ஆதாரம் இது ஒன்றுதான். கடல்நீரைக் குடிநீராக்குவதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் அருகே 2012இல் கட்டி முடிக்கப்பட்ட கடல்நீர் நிலையத்தைப்போல, மழை பெய்து தண்ணீரே வாங்காத ஆண்டுகளிலும் பணம் கட்டிக்கொண்டிருக்க நேரும்.

செலவைப் பொறுத்தவரை, புதிய திட்டத்துக்கான நீரின் விலை அந்தத் திட்டத்தின் மீதே விழ வேண்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் வடக்குப் பகுதியில், புதிய கட்டடங்களால் மொத்த நீர் எடுப்பு கூடக் கூடாது என்ற நிபந்தனை 2021இல் வந்தபோது, பழைய வீடுகளிலும் பள்ளிகளிலும் சிக்கனக் குழாய்களைப் பொருத்தி அந்த அளவை ஈடுகட்டும் வழியைத் தேட வேண்டியதாயிற்று. கட்டுமானம் தாமதமானது உண்மை. வீட்டு வாடகை உயரும் என்ற அச்சத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. எளியவர்களுக்கான வீடுகளின் பங்கை அரசே ஏற்கலாம்.

இதற்கெல்லாம் அடிப்படையாக, ஒவ்வொரு நகரமும் ஒரு பொதுப் பதிவேட்டை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வறட்சி ஆண்டில் உறுதியாகக் கிடைக்கும் நீர், இப்போதைய பயன்பாடு, அனுமதி பெற்று இன்னும் ஆட்கள் குடியேறாத கட்டடங்களுக்கு வாக்களிக்கப்பட்ட அளவு, இவை போக மீதி ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். அந்த மீதியில் இடமில்லாத திட்டம், தனக்கான நீர் ஆதாரம் உண்மையாகவே செயல்படத் தொடங்கும் நாள்வரை காத்திருக்கட்டும்.