ஸ்லீப்பருக்காவது திருப்பிக் கொடுங்கள்

ரயிலில் நிறுத்திவிட்ட மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை ஸ்லீப்பர் வகுப்புக்காவது திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு பதிவு போட்டிருந்தேன். முந்தாநாள் அதன் கீழே வந்த பதிலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பென்ஷனும் வேணும், சலுகையும் வேணுமா? எங்க வரிப்பணத்துல இன்னும் எத்தனை நாள் ஊர் சுத்துவீங்க மாமா?" யாரோ முகம் தெரியாதவர் எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். எழுதியது தெரிந்த பையன். அவன் அப்பாவும் நானும் ஒரே மில்லில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். அதற்குச் சிரிப்புக்குறி போட்டவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருப் பிள்ளைகள். நேற்று முழுக்க பதில் எழுதி எழுதி அழித்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை என்று ஒன்று இருந்தது. 60 வயது முடிந்த ஆண்களுக்கு 40 சதவீதம், 58 முடிந்த பெண்களுக்கு 50 சதவீதம். 2020 மார்ச் 20-ஆம் தேதி நிறுத்தினார்கள். கொரோனா பரவுகிறது, வயதானவர்கள் அவசியமில்லாமல் பயணம் செய்யக் கூடாது என்று அப்போது காரணம் சொன்னார்கள். நியாயமான காரணம்தான். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. கொரோனா போனது. ரயில்கள் எல்லாம் ஓட ஆரம்பித்தன. முன்பதிவில்லாத டிக்கெட் வந்தது. ஏசி பெட்டிக்காரர்களுக்குக் கம்பளியும் போர்வையும்கூட 2022 மார்ச்சில் திரும்ப வந்துவிட்டன. எங்கள் சலுகை மட்டும் வரவில்லை. காரணம் போன பிறகும் தண்டனை நிற்கிறது.

நான் ஏசி கேட்கவில்லை. வந்தே பாரத் கேட்கவில்லை. ஸ்லீப்பருக்காவது திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். இதை நானாகவும் கண்டுபிடிக்கவில்லை. ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலுமாவது மறுபடி கொடுப்பதைப் பரிசீலியுங்கள் என்று சொன்னது. அந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் மத்தியில் ஆளுங்கட்சியின் எம்.பி.தான்.

இப்போது 'பென்ஷனும் வேணும்' என்ற விஷயத்துக்கு வருகிறேன். பென்ஷன் என்றாலே அரசு அலுவலகத்தில் ஓய்வு பெற்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி ஏறும் பென்ஷன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மில்லிலும் கம்பெனியிலும் உழைத்தவனுக்குக் கிடைப்பது 1995-ஆம் வருஷத்து பி.எஃப். பென்ஷன் திட்டம். அதற்கு அகவிலைப்படி கிடையாது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள், இன்னும் அதே ஆயிரம்தான். நான் 2011-இல் வெளியே வந்தேன். எவ்வளவு சம்பளம் வாங்கியிருந்தாலும் 6,500 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்றிருந்த காலம் அது. அன்றைக்கு நிர்ணயித்த இரண்டாயிரத்துச் சொச்சம்தான் இன்றைக்கும் என் கணக்கில் விழுகிறது. பருப்பு விலையும் மருந்து விலையும் 2011-இலேயே நிற்கின்றனவா?

வரிப்பணமாம். எங்கள் சம்பளத்தில் 8.33 சதவீதம் என்று முதலாளி பங்கிலிருந்து பிடித்துப் போட்ட பணம்தான் அந்தப் பென்ஷன் நிதி. அது எங்கள் உழைப்புக் கூலியில் ஒரு பகுதி. மத்திய அரசு தன் பங்காகச் சேர்ப்பது 1.16 சதவீதம். தம்பி, உன் அப்பாவுக்கும் இதே கணக்குதான். வீட்டில் கேட்டுப் பார்.

ஊர் சுற்றுவது என்று எழுதியிருந்தான். எங்கள் ஊர் சுற்றலைச் சொல்கிறேன். மகள் தாம்பரத்தில் இருக்கிறாள். நாங்கள் அம்பாசமுத்திரத்தில். சலுகை இருந்த நாட்களில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் போட்டுப் போய்வருவோம். ரிசர்வேஷன் பாரத்தில் வயதை எழுதி, சலுகை வேண்டும் என்று குறித்துக் கொடுத்தால் போதும். என் மனைவிக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம். "எனக்குப் பாதி டிக்கெட்டுதான், உங்களுக்குத்தான் கூட" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள். இப்போது இரண்டு பேரும் போய்வர சுமார் அறுநூறு ரூபாய் அதிகம் ஆகிறது. சிரிப்புக்குறி போட்டவர்களுக்கு அது ஒரு வேளை ஹோட்டல் சாப்பாடு. எங்களுக்கு அது அவளுடைய சர்க்கரை மாத்திரை.

"நான் போட்டுத் தாரேன்ப்பா" என்று மகள் ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். என் மனைவிதான் ஒத்துக்கொள்வதில்லை. "மாப்பிள்ளை காசுல எத்தனை தடவைங்க போறது? ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் அவர் வீட்டுல பேச்சு வரும்" என்கிறாள். அதனால் போன முறை அந்தியோதயாவில் போனோம். முன்பதிவே இல்லாத ரயில். திருநெல்வேலியில் ஏறி, ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே தாம்பரம். இறங்கும்போது இவள் காலைச் செருப்புக்குள் நுழைக்க முடியவில்லை, அப்படி வீங்கிவிட்டது. எழுபதைத் தாண்டியவள். பேரனைப் பார்க்கப் போனதைத்தான் ஊர் சுற்றல் என்கிறார்கள்.

ரயில்வே ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடுகிறது என்பீர்கள். ஒவ்வொரு பயணிக்கும் சராசரியாக 46 சதவீதம் மானியம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், 2022-23-இல் மட்டும் 56,993 கோடி ரூபாய் என்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார். சரி, அந்த 46 சதவீதம் எல்லோருக்கும் கிடைக்கிறது. மாணவர்களுக்கும் கிடைக்கிறது, நோயாளிகளுக்கும் கிடைக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கும் கிடைக்கிறது. அதற்கு மேலே அவர்களுக்குத் தனிச் சலுகையும் தொடர்கிறது. தொடரத்தான் வேண்டும். அவர்களிடம் 46 சதவீதக் கணக்கைக் காட்டாதவர்கள் எங்களிடம் மட்டும் ஏன் காட்டுகிறார்கள்? எங்கள் சலுகையை நிறுத்தியதால் முதல் இரண்டு வருஷத்தில் ரயில்வேக்குக் கூடுதலாகச் சேர்ந்தது ஏறக்குறைய 1,500 கோடி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப் பதிலில் வந்தது. ஐம்பத்தேழாயிரம் கோடியைச் சுமக்கிற முதுகு எங்கள் பங்கில்தான் ஒடிந்துவிடுமா? அதுவும் எல்லா வகுப்புக்குமான கணக்கு. ஸ்லீப்பருக்கு மட்டும் கொடுத்தால் இதிலும் குறைவு.

வசதியானவர்களும் அனுபவித்தார்களே என்பது இன்னொரு வாதம். அனுபவித்தார்கள், மறுக்கவில்லை. அதற்குத்தான் நிறுத்துவதற்கு முன்பே விட்டுக்கொடுக்கும் வசதி வைத்திருந்தார்கள், விரும்பினால் பாதியை விடலாம், முழுதையும் விடலாம். பென்ஷன் அதிகம் வாங்குகிறவர்களை விலக்குங்கள், யார் வேண்டாம் என்றது?

கீழ் பெர்த் கொடுக்கிறார்களே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். டிக்கெட் எடுக்க முடிந்தால்தானே ஐயா கீழ் பெர்த்?

வசதியானவர்கள் என்று சொன்னதும்தான் இதுவும் ஞாபகம் வருகிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் வரை போடலாம் என்றிருந்ததை 2023-இல் 30 லட்சமாக உயர்த்தினார்கள். வட்டி 8.2 சதவீதம். வங்கியில் போட்டால் மற்றவர்களைவிட அரை சதவீதம் கூடுதல் வட்டி தருகிறார்கள். பழைய வரி முறையில் இருந்தால் வட்டி வருமானத்தில் 50,000 ரூபாய் வரை வரிக்கழிவும் உண்டு. வாங்குகிறவர்கள் நன்றாக வாங்கட்டும், எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் கையில் முப்பது லட்சம் இருப்பவருக்கு மூத்த குடிமகன் என்ற மரியாதை ஏறிக்கொண்டே போகிறது. ஸ்லீப்பரில் போகிற கிழவனுக்கு இருந்ததும் போய்விட்டது. அந்த வட்டியைப் பார்த்து எங்கள் தெருவில் யாரும் வரிப்பணம் என்று எழுதவில்லை.

2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. என் மனைவி கல்லிடைக்குறிச்சியில் தங்கையைப் பார்க்க அதில்தான் போய்வருகிறாள். சென்னையில் 60 தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போக மாதம் பத்து டோக்கன் கொடுக்கிறார்கள். இதனால் எந்தக் குடியும் முழுகிவிடவில்லை. பக்கத்து ஊருக்குப் போக முடிகிறவளால் பெற்ற மகள் வீட்டுக்குப் போக முடியவில்லை என்றால் கேட்காமல் என்ன செய்ய?

நீதிமன்றத்துக்குப் போங்களேன் என்கிறார்கள். போயாயிற்று. இது அரசின் கொள்கை முடிவு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மனுவைத் தள்ளிவிட்டது. அரசுதான் முடிவு செய்ய வேண்டும் என்றால் அரசிடம்தான் கேட்க முடியும். கேட்பதையே பிச்சை எடுப்பதுபோல் பார்த்தால் எப்படி? நாற்பது வருஷம் பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்து நூல் நூற்றவர்கள் நாங்கள். அந்தச் சம்பளத்தில்தான் உங்களைப் படிக்க வைத்தோம். உங்களைக் கல்லூரியில் சேர்க்க நாங்கள் எந்தப் பெட்டியில் நின்றுகொண்டு வந்தோம் என்று உங்களுக்குத் தெரியாது.

கீழே கருத்து எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள், யாரையும் தடுக்க மாட்டேன். 46 சதவீதக் கணக்கை மட்டும் மறுபடி கொண்டுவராதீர்கள், பதில் மேலே இருக்கிறது. வருகிற புதன்கிழமை எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கத்திலிருந்து எம்.பி.யிடம் மனு கொடுக்கப் போகிறோம். ஸ்லீப்பருக்காவது என்ற ஒரே கோரிக்கைதான் அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட நினைப்பவர்கள் செவ்வாய் சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள், நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு நானே தாளைக் கொண்டுவருகிறேன்.