தேன் திருவிழாவாம், தேன்!

ஸ்காட்லாந்தில் கோட்டைத் தோட்டத்துத் தேன் திருவிழா என்றால் ஆசையாகத்தான் போகிறோம். டிக்கெட் வாங்கி உள்ளே போனால் என்ன இருக்கிறது? தேன் சோப்பு, தேன்மெழுகு மெழுகுவர்த்தி, தேனீ படம் போட்ட காலுறை! தேன் எங்கே ஐயா? அது கடைசி மூலையில், மைல் நீள வரிசைக்கு அப்பால். கண்ணாடிக் கூட்டில் ராணித் தேனீயைப் பார்க்கலாமென்றால், முன்னால் நிற்பவர் செல்போனோடு அங்கேயே குடியேறிவிட்டார். ஆகஸ்டில் பூக்கும் ஹெதர் பூவின் தேன் ஜெல்லி போலக் கெட்டியாகத்தான் இருக்கும், அதன் இயல்பே அது. ஆனாலும் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்து, "ஏதோ கலந்திருக்கு" என்று தீர்ப்புச் சொல்ல ஒரு நிபுணர் கட்டாயம் வருவார். அப்புறம் குளவிகள். தேனீ வளர்ப்புத் திருவிழாவில் டிக்கெட் இல்லாமல் வயிறாரத் தின்பது அவை மட்டும்தான், அதுவும் என் கேக்கை!